கார்பன் ஃபைபர் ஸ்பிளிண்ட் வாங்கலாமா, பிளாஸ்டிக்கே போதுமா? கடலூர், பாண்டிச்சேரி பக்கம் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் இருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு 52 வயது. இடுப்பில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்தி, ஆபரேஷன் வரைக்கும் போனது. வலி விட்டுவிட்டது, ஆனால் வலது பாதத்தை மேலே தூக்க வரவில்லை. சீட்டில் ஃபுட் டிராப் என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் ஆகிறது, இப்போது லேசாகத் தூக்குகிறார், பெருவிரல் மட்டும் அசையவே இல்லை.

ஆஸ்பத்திரியில் எல் வடிவத்தில் வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டால் தடுக்காமல் நடக்கிறார் என்பது உண்மை. ஆனால் நெல்லிக்குப்பத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறோம், நாள் முழுக்க நிற்கிற வேலை, மதியத்துக்குள் கெண்டைக்கால் வேர்த்து ஊறிப்போய் அரிப்பு எடுக்கிறது என்று கழற்றிக் கல்லாவுக்கு அடியில் போட்டுவிடுகிறார். அப்புறம் பழையபடி முழங்காலை உயரத் தூக்கிப் பாதத்தைத் தப் தப்பென்று போட்டு நடக்கிறார். போன வாரம் கடையில் கிடந்த கால்மிதியில் தடுக்கி ஆணிப் பெட்டி மேலேயே விழுந்துவிட்டார், நல்லவேளையாகச் சிராய்ப்போடு போனது.

கார்பன் ஃபைபரில் ஒரு ஸ்பிளிண்ட் வருகிறது, போட்டால் ஓடக்கூட முடியும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். பாண்டிச்சேரியில் ஒரு கடையில் விசாரித்தேன். ஆளைக் கூட்டிவர வேண்டாம், ஷூ சைஸ் சொல்லி முழுப் பணம் கட்டினால் வரவழைத்துக் கூரியரில் அனுப்பிவிடுவோம் என்றார்கள். விலை பிளாஸ்டிக்கைப் போலப் பல மடங்கு. உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா? இவருக்கு ஷூ பழக்கமே கிடையாது, செருப்போடு போட முடியுமா? பைக் ஓட்டலாமா? அரசாங்கத்தில் ஏதாவது உதவி கிடைக்குமா? நாலையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன், தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:

சகோதரி, நான் பாண்டிச்சேரியில் ஆர்த்தாட்டிஸ்ட், ஸ்பிளிண்ட், செயற்கைக்கால் செய்வதுதான் தொழில். முதலில் அந்தக் கடை விஷயம். ஷூ சைஸை மட்டும் கேட்டுக்கொண்டு கார்பன் ஏஎஃப்ஓ (கணுக்காலையும் பாதத்தையும் பிடிக்கிற இந்த ஸ்பிளிண்டைத்தான் அப்படிச் சொல்வோம்) அனுப்புகிறேன் என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். பாத நீளம் அதில் ஒரு அளவு, அவ்வளவுதான். ஆளின் எடை, எந்தத் தசை எவ்வளவு போயிருக்கிறது, முழங்கால் எப்படி நிற்கிறது, எவ்வளவு நடக்கிறார் என்பதையெல்லாம் பார்த்துத்தான் எவ்வளவு விறைப்பான மாடல் என்று முடிவு செய்ய வேண்டும். விறைப்பு குறைந்தால் துவண்டுபோய் உபயோகமில்லாமல் போகும், கூடினால் முழங்காலைப் பிடித்துத் தள்ளும்.

உங்கள் வீட்டுக்காரருக்குக் கார்பன் தேவையா என்பதற்கு இங்கேயிருந்து பதில் சொல்ல முடியாது, ஆனால் ஒன்றை நீங்களே வீட்டில் பார்க்கலாம். சுவரில் விரல் வைத்துக்கொண்டு, நல்ல காலில் நின்று குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் எம்பச் சொல்லுங்கள். அப்புறம் அதையே வலது காலில். விழாமல் பிடித்துக்கொள்ள நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் ஏதாவது கட்டுப்பாடு சொல்லியிருந்தால் அவரையோ பிசியோவையோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எதற்கு இது என்றால், பாதத்தைத் தூக்குவது ஒரு வேலை, தரையை உதைத்து உடம்பை முன்னே தள்ளுவது இன்னொரு வேலை. தூக்கும் தசை முன்னங்காலில், அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் இருக்கிறது, பெருவிரலையும் பாதத்தையும் தூக்கும் நரம்பு பெரும்பாலும் இடுப்பில் எல்5 என்கிற நரம்பு வேரில் இருந்து வருகிறது. உதைப்பது கெண்டைக்கால், அதற்கு முக்கியமாக அடுத்து கீழே இருக்கும் எஸ்1 வேர். நாம் சாதாரணமாக நடக்கும்போது காலை வீசும் நேரத்தில் விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். தூக்கும் தசை போனால் அந்த இடைவெளி போய்விடும், அதனால்தான் கால்மிதி தடுக்குகிறது, நிலைப்படி தடுக்குகிறது. இதைச் சரிசெய்யப் பாதம் தொங்காமல் எதுவாவது பிடித்துக்கொண்டால் போதும். அந்த வெள்ளை பிளாஸ்டிக்கும் அதைச் செய்யும், பின்பக்கம் மெல்லியதாக வெட்டிய பிளாஸ்டிக் இன்னும் சுகமாகச் செய்யும், லேஸில் மாட்டும் எலாஸ்டிக் பட்டைகூடச் சிலருக்குப் போதும்.

கெண்டைக்காலும் பலவீனமாக இருந்தால் கதை வேறு. நின்ற கால் மேலே உடம்பு முன்னே உருளும்போது முன்னங்கால் எலும்பு கட்டுப்பாடு இல்லாமல் சரியும், முழங்கால் மடிந்துவிடுமோ என்று பயம் வரும், அடி குட்டையாகிவிடும். கார்பன் தன் விலைக்கு வேலை செய்வது இங்கேதான். முன்னங்காலில் ஒரு தகடு பதிகிற மாடல்களில், உடம்பு முன்னே வரும்போது அந்தத் தகட்டை அழுத்துகிறது, கீழே இறங்கும் பட்டை வில் மாதிரி வளைகிறது, குதிகால் எழும் நேரத்தில் நிமிர்ந்து காலைத் தள்ளிவிடுகிறது. அது தானாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. நீங்கள் சாய்ந்து கொடுத்ததில் ஒரு பகுதியைத்தான் திருப்பித் தரும். ஆனால் கெண்டைக்காலே இல்லாதவருக்கு அந்தப் பகுதியே பெரிய விஷயம், முழங்காலும் மடியாமல் நிற்கும்.

ஆகவே அவர் வலது காலில் நன்றாக எம்ப முடிகிறது, தூக்க மட்டும்தான் வரவில்லை என்றால், கடன் வாங்கிக் கார்பன் போட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. எடை குறையும், வேர்வை குறையும், சரி, அதற்காக வாங்குவது உங்கள் விருப்பம்.

இன்னொன்று, ஏழு மாதம்தான் ஆகிறது, லேசாகத் தூக்க வருகிறது என்கிறீர்கள். அறுந்து திரும்ப வளரும் நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் போகும், இடுப்பில் இருந்து முன்னங்கால் வரை எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து பாருங்கள். சில தசை முன்னாடி வரும், சில பின்னாடி வரும், சில வராமலே நின்றுவிடும். இன்றைக்குப் பொருந்துகிற விறைப்பு ஆறு மாதம் கழித்து அதிகமாகத் தெரியலாம். பிளாஸ்டிக்கை நான் ஹீட் கன் வைத்துச் சூடுபடுத்தி இடத்தை விரிக்கலாம், ஓரம் வெட்டலாம், மெலிதாக்கலாம். கார்பன் என்பது இழையை எபாக்சி பிசினில் அடுக்கி வேகவைத்து இறுக்கியது. திரும்பச் சூடாக்கி உருவத்தை மாற்ற முடியாது, விரல் பக்கம் தகட்டைக் கொஞ்சம் தேய்த்து ஷூவுக்குள் அடக்கலாம், அவ்வளவுதான். அதனால் கால் ஒரு நிலைக்கு வந்த பிறகு கார்பனுக்குப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மற்றபடி வேர்க்கிற பிரச்சினைக்கு இன்றைக்கே செய்யக்கூடியது, முழங்கால் வரை வரும் தையல் இல்லாத பருத்திச் சாக்ஸ், மதியம் மாற்ற இரண்டாவது ஜோடி, பின்பக்க பிளாஸ்டிக்கில் காற்றோட்டத்துக்கு ஓட்டை. ஓட்டையை நீங்கள் போடாதீர்கள், எங்கே போட்டால் உடையாது என்று தெரிந்தவர் போடட்டும்.

முத்தியால்பேட்டை வாத்தியார்:

எனக்கு சார்கோ-மேரி-டூத் என்கிற பரம்பரை நரம்பு நோய். இரண்டு காலிலும் முன்பக்கத் தகடு வைத்த கார்பன் போடுகிறேன், அதற்கு முன்னால் பல வருடம் பிளாஸ்டிக். மேலே பட்டறைக்காரன் சார் சொன்ன எம்பிப் பார்க்கும் சோதனையில் நான் முழு ஃபெயில், எனக்குத் தூக்கவும் வராது, உதைக்கவும் வராது.

ஓடுவதைப் பற்றி வீடியோவில் காட்டுகிறார்கள், ஆனால் எனக்குப் பெரிய மாற்றம் நிற்பதில்தான். கெண்டைக்கால் போனவர்களுக்குத் தெரியும், சும்மா ஒரே இடத்தில் நிற்கவே முடியாது, ஒரு அடி முன்னே ஒரு அடி பின்னே என்று ஆடிக்கொண்டே இருப்போம், இல்லையென்றால் மேஜையைப் பிடிப்போம். கார்பன் போட்ட பிறகு கரும்பலகை முன்னால் கையை எதிலும் ஊன்றாமல் நின்று எழுதுகிறேன். முன்னங்காலைத் தகட்டில் சாய்த்தால் அது தாங்கிக்கொள்கிறது. கடையில் நாள் முழுக்க நிற்கிறார் என்று நீங்கள் எழுதியதால்தான் இதைச் சொல்கிறேன். நடையும் மாறியது, மாலையில் இடுப்பு வலிப்பது குறைந்தது, ஆனால் முதல் இரண்டு வாரம் யாரோ பின்னால் இருந்து தள்ளுவது போல இருந்தது, பிசியோவிடம் அடி எடுத்து வைப்பதைத் திரும்பப் பழக வேண்டியிருந்தது.

இனி தொந்தரவுகள், ஏனென்றால் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

செருப்போடு போட முடியாது. அதாவது ரப்பர் செருப்பு, தோல் செருப்பு எதுவும் ஆகாது. பாதத்துக்கு அடியில் நீளத்துக்கும் தகடு இருக்கிறது, அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளக் குதிகால் பக்கம் விறைப்பான, லேஸோ பட்டையோ உள்ள ஷூ வேண்டும். உள்ளே இருக்கும் அட்டையை உருவக்கூடிய ஷூவாகப் பாருங்கள், அதை எடுத்துவிட்டுத் தகட்டை வைத்து, மேலே மெத்தையைப் போட வேண்டும். வெறும் பாதத்தை நேராகத் தகட்டில் வைக்கக் கூடாது. நல்ல விஷயம் என்னவென்றால் தகடு மெலிதாக இருப்பதால் எனக்கு வழக்கமான சைஸ் ஷூவே போதுமானதாக இருக்கிறது, பிளாஸ்டிக் காலத்தில் ஒரு சைஸ் பெரிது வாங்கி அல்லாடிய கதை இல்லை. குதிகால் உயரம் முக்கியம். உயரம் கூடினால் முழங்கால் முன்னே மடங்கும், தட்டையாகப் போனால் பின்னே தள்ளும். ஒரு ஷூவுக்குச் சரிசெய்தால் அதே உயரத்திலேயே இருங்கள், தள்ளுபடியில் கிடைத்தது என்று வேறு ஒன்றை வாங்கி மாட்டாதீர்கள்.

குந்தி உட்கார முடியாது. கணுக்கால் முன்னே மடங்கினால்தானே குந்த முடியும், இது மடங்க விடாது. வீட்டில் இந்தியன் கழிப்பறை மட்டும் இருந்தால் முதலில் அதற்கு வழி பாருங்கள். படி ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் கஷ்டம், கைப்பிடியைப் பிடித்துப் பாதத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி இறங்குகிறேன். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட உட்காரலாம், எழும்போது ஒரு கை வேண்டும்.

கோயில். மணக்குள விநாயகர் கோயிலானாலும் உங்கள் பாடலீஸ்வரர் கோயிலானாலும் ஷூவைக் கழற்றினால் கார்பனும் கழன்றுவிடும். ஷூ இல்லாமல் வெறும் கணுக்காலில் சுற்றிப் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக் பட்டை தனியாக விற்கிறது, பிரகாரம் சுற்ற அது போதும், கெண்டைக்காலுக்கு மட்டும் அது எதுவும் செய்யாது. எனக்கு அதோடு ஒரு கைத்தடி வேண்டும். கடற்கரையில் ஈர மணல் வரை பிரச்சினையில்லை, பொதபொதவென்று இருக்கும் காய்ந்த மணலில் தகட்டுக்கு ஊன்ற இடம் கிடைக்காமல் தடுமாறுகிறது, சில்வர் பீச்சில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறேன். மணல் உள்ளே போனால் அன்றைக்கே கழற்றித் துடைத்துவிட வேண்டும், தோலை அறுத்துவிடும். கார்பன் துருப்பிடிக்காது, பட்டைகளும் ஒட்டும் வெல்க்ரோவும்தான் உப்பிலும் வேர்வையிலும் முதலில் போகின்றன, அவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

உடையும். என்னுடைய இடது பக்கம் ஒரு தடவை பட்டையில் மெல்லிய கோடு விழுந்து, நடக்கும்போது கிளிக் கிளிக் என்று சத்தம் வந்தது. அடுக்கு பிரிகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிட வேண்டும், ஒட்டிப் போடக் கூடாது. வாங்கும்போது உத்தரவாதம் எவ்வளவு, உடைந்தால் யார் மாற்றித் தருவார்கள், அதுவரை எதைப் போட்டு நடப்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள். நான் பழைய பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போடாமல் பரண் மேல் வைத்திருக்கிறேன்.

வில்லியனூர் மகன்:

எங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து கால் இழுத்துக்கொண்டது. நாங்களும் கார்பன் கார்பன் என்று அலைந்தோம். மறுவாழ்வு மருத்துவர் காலை மடக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கால் தொங்கவில்லை, விறைத்து உள்பக்கமாகத் திரும்புகிறது. ரெடிமேட் கார்பன் அந்தத் திருகலைப் பிடித்து நிறுத்தாதாம், கணுக்கால் இறுகிப்போனவர்களுக்கும் ஆகாதாம். மாவுக்கட்டு அச்சு எடுத்துச் செய்த கெட்டியான பிளாஸ்டிக்தான் கொடுத்தார்கள், அதில்தான் இப்போது வீட்டுக்குள் நடக்கிறார். மாலையில் கால் வீங்குகிறவர்கள், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களும் ஜாக்கிரதை என்றார். அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று எழுதவில்லையே.

பட்டறைக்காரன்:

வில்லியனூர் தம்பி சொன்னது ரொம்பச் சரி. டிஸ்க் கேஸில் விறைப்பு இருக்காது, ஆனால் அதே நரம்பு வேரால் பாதத்தின் மேல்பக்கம் மரத்திருக்கும், தகடு அழுத்தினாலும் தெரியாது. எந்த ஸ்பிளிண்டாக இருந்தாலும் முதல் நாள் ஒரு மணி நேரம் போல, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் மறுபடி போடாமல் கொண்டுவந்து காட்டுங்கள்.

அந்த ஓடும் வீடியோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் உள்ள ராணுவ மறுவாழ்வு மையத்தில், குண்டுவெடிப்பில் கால் நொறுங்கிய வீரர்களுக்காக ஐடியோ என்று ஒரு கார்பன் பிரேஸ் உருவாக்கினார்கள். காலை வெட்டிவிடலாமா என்று யோசித்தவர்களில் பலர் அதைப் போட்டு ஓடினார்கள். ஆனால் அது ஒவ்வொரு காலுக்கும் அச்சு எடுத்துச் செய்தது, கூடவே வாரக்கணக்கில் கடுமையான பயிற்சி, போட்டவர்கள் இளம் வயது ராணுவத்தினர். பிரேஸை மட்டும் பார்த்துவிட்டுப் பயிற்சியை விட்டுவிடுகிறோம். ஹார்டுவேர் கடையில் நிற்கிற 52 வயதுக்காரருக்கு ஓட்டம் எதற்கு, அவர் ஆணிப் பெட்டி மேல் விழாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எம்பிப் பார்க்கச் சொன்னேன். இடது காலில் சுலபமாக எம்பினார். வலது காலில் குதிகால் எழுகிறது, ஆனால் பாதி உயரம்தான், ரெண்டு மூன்று தடவைக்குப் பிறகு நடுங்குகிறது. பிளாஸ்டிக்கைப் போட்டுக்கொண்டால் நிற்க வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன், அதில் கால் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது என்கிறார். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார், பாதம் மரத்துப்போனது ஆபரேஷனுக்கு முன்பே உண்டா என்று அவருக்கே தெரியவில்லை. பைக், அரசாங்க உதவி ரெண்டு கேள்விக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, தினமும் நெல்லிக்குப்பம் போய் வர வேண்டும், பஸ்ஸுக்கு நிற்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார்.

பட்டறைக்காரன்:

பாதி உயரம் எழுகிறது என்றால் கெண்டைக்கால் இருக்கிறது, ஆனால் குறைவு. நடுவில் நிற்கிற கேஸ். இப்படிப்பட்டவருக்குப் பிளாஸ்டிக்கிலேயே மெல்லிய, வளைந்து கொடுக்கிற வகையை முதலில் பார்க்கலாம், இப்போது போட்டிருப்பது கெட்டியான வகை என்று நினைக்கிறேன், கட்டிப்போட்ட மாதிரி இருப்பது அதனால் இருக்கலாம். போட்டு நடக்கவைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஜிப்மரில் மறுவாழ்வு மருத்துவத் துறை இருக்கிறது, கோரிமேட்டில், முதலில் அங்கே காட்டுங்கள். முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள தேசிய நிறுவனத்திலும் சென்னை கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையிலும் இதற்கான பிரிவு உண்டு, வேலூர் சிஎம்சியில் சொந்தப் பட்டறையே இருக்கிறது. தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், கேட்டால் கோபப்படுகிறவரிடம் வாங்காதீர்கள். நல்ல ஆர்த்தாட்டிஸ்ட் டிரையல் பீஸ் போட்டு நடக்க வைத்து, முன்னால், பின்னால், பக்கவாட்டில் வீடியோ எடுத்துப் பார்ப்பார். சர்க்கரை உண்டு என்பதால் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழை வைத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

முதுநகர் துறைமுகம்:

பைக் விஷயம் நான் சொல்கிறேன், எனக்கும் வலது பக்கம்தான், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் நரம்பு அடிபட்டு வந்தது. இடது காலாக இருந்தால் கியர் போடத்தான் தொல்லை. வலது என்றால் பின் பிரேக் அந்தக் காலில். ஸ்பிளிண்ட் போட்டால் பாதம் பிரேக் மேல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, போடாமல் போனால் பாதம் தொங்கி பெடலுக்கு அடியில் மாட்டும். தயவுசெய்து பைக் வேண்டாம். இரண்டு பிரேக்கும் கையில் இருக்கிற ஸ்கூட்டர் எடுத்தேன், பிரச்சினை தீர்ந்தது. சிக்னலில் இடது காலை ஊன்றிப் பழகச் சொல்லுங்கள். டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகுதான் இதெல்லாம், இடுப்பு ஆபரேஷன் வேறு.

அரசாங்க உதவி பற்றி. கடலூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வைத்து உதவி பெறப் பொதுவாகப் பாதிப்பு 40 சதவீதமாவது இருக்க வேண்டும், அதை மருத்துவர்தான் அளந்து எழுத வேண்டும். ஒரு பக்கம் ஃபுட் டிராப் மட்டும் என்றால் அந்த அளவு வருமா என்பது அவர் கையில், குணமாகும் வாய்ப்பு இருந்தால் தற்காலிகச் சான்று என்றும் சொல்லலாம். முகாம்களில் நான் பார்த்தவரை பிளாஸ்டிக் ஸ்பிளிண்டும் காலில் மாட்டுகிற இரும்புக் கம்பிச் சட்டமான கேலிப்பரும்தான் கொடுத்தார்கள். கார்பனை அங்கே எதிர்பார்த்துப் போகாதீர்கள். மெடிக்ளைம் இருந்தாலும் இந்த மாதிரி வெளியே மாட்டுகிற சாமான்களைப் பெரும்பாலும் விலக்கி வைத்திருப்பார்கள், பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள்.

கெடிலக்கரை:

ஸ்கூட்டர் யோசனைக்கு அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, அது பெண்கள் ஓட்டுவது என்கிறார். என்னுடையது வீட்டில் சும்மா நிற்கிறது, அதையே கொடுத்துவிடுகிறேன். அடுத்த வாரம் கோரிமேடு போகிறோம். பழைய ஸ்பிளிண்டையும் எடுத்துக்கொண்டு போகலாமா, இல்லை ஷூ மட்டும் போதுமா?

பட்டறைக்காரன்:

இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியும், எம்ஆர்ஐ, நரம்புப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் அதுவும். பேன்ட்டுக்குப் பதில் லுங்கியோ முக்கால் டவுசரோ போட்டு அழைத்துப் போங்கள், முழங்கால் தெரிய நடக்கவைத்துப் பார்ப்பார்கள். புது ஷூ இப்போதே வாங்க வேண்டாம், எந்த ஸ்பிளிண்ட் என்று முடிவான பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

முத்தியால்பேட்டை வாத்தியார்:

அதுவரை அந்தக் கால்மிதியை எடுத்துவிடுங்கள் அம்மா. கடையிலும் வீட்டிலும்.